சவேத்தா அக்காவின் பெட்டி

என் கணவர் இறந்த வருஷம், பெரிய நோன்புக்கு முந்தின ஆன்மாக்கள் சனிக்கிழமை. செத்தவர்களுக்காக ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ரொட்டி சுட்டுக் கோவிலுக்குக் கொண்டுபோய், அதில் மெழுகுவத்தி குத்தி மேசையில் வைக்க வேண்டும். குருவானவர் பெயர்களை வாசித்து மந்திரிப்பார். என் வீட்டில் அன்றைக்கு மாவு இல்லை. மெழுகுவத்தியை மட்டும் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு கடைசித் தூணோரம் நின்றேன்.

இத்தாலியில் வேலை பார்த்து, லீவுக்கு ஊர் வந்திருந்த சவேத்தா அக்கா பக்கத்தில் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. என் மெழுகுவத்தியை வாங்கித் தன் ரொட்டியில் குத்தி மேசையில் வைத்துவிட்டு வந்து, வெறுங்கையோடு என் அருகில் நின்றுகொண்டார். என் கணவர் பெயரை வாசித்தபோது அந்தப் பெயருக்கென்று மேசையில் நல்ல பெரிய ரொட்டி இருந்தது.

வெளியே வந்ததும் பெண்கள் அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன சவேத்தா, உங்க அப்பா அம்மாவுக்கு இந்த வருஷம் பட்டினியா?"

"மாவு பொங்கல. கல்லு மாதிரி ஆயிடுச்சு. பன்னிக்குப் போட்டேன்."

"இத்தாலிக்காரனுக்குச் சமைச்சுச் சமைச்சு நம்ம ரொட்டி மறந்து போச்சு போல."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகும் பல வருஷம், யார் வீட்டு ரொட்டி கல்லாகிப் போனாலும் "சவேத்தா ரொட்டி" என்றுதான் ஊரில் சொன்னார்கள். அக்கா ஒருநாளும் மறுத்துச் சொன்னதில்லை. எனக்கும் அவருக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும்.

அக்காவின் வீடு எங்கள் வீட்டுக்கு எதிரே. அவருடைய அம்மா இறந்தபோது அக்கா இன்னும் பாவாடை நீளம் சரியாகாத பெண். இலாரியே என்ற தம்பி நடக்கப் பழகாத குழந்தை. அப்பா குடிப்பார், அவரைப் பற்றி இவ்வளவு போதும். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே மாடு கறந்தார், களி கிண்டினார், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் வந்தார். ஒருவர் பெண் கேட்டு வந்தார். "தம்பியை யாராவது பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு வா" என்று அவர் சொன்னதால் அந்தப் பேச்சு அதோடு நின்றது. வேறு யாரும் கேட்டு வரவில்லை.

இலாரியே வளர்ந்து அடுப்பு கட்டுகிறவன் ஆனான். எங்கள் பக்கத்து அடுப்பு சமைப்பதற்கு மட்டும் இல்லை. ஒரு பக்கம் கட்டில் அகலத்துக்கு மேடையாக நீண்டிருக்கும். அடியில் புகை சுற்றிப் போகும். மேலே கம்பளி விரித்துப் படுத்தால் வெளியே எந்தப் பனி கொட்டினாலும் முதுகுக்குத் தெரியாது. குழந்தைகள், பிள்ளை பெற்றவள், காய்ச்சல்காரர், வயசானவர் எல்லோருக்கும் அங்கேதான் இடம். ஊரில் பாதி அடுப்பு இலாரியே கட்டியது. சொந்த வீட்டில் கட்டியதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்பான். காலையில் விறகு வைத்தால் மறுநாள் விடியும்வரை மேடை சூடு விடாது.

அவனுக்குக் கல்யாணம் ஆகி, மகன் லசார் பிறந்து, மனைவியும் இறந்த பிறகு, அக்கா இத்தாலிக்குப் போனார். எங்கள் ருமேனியப் பெண்கள் எல்லாம் போகிற வேலைக்குத்தான்: முதியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைப்பது. அங்கே ஒரு கிழவிக்குப் புற்றுநோய். சாகும்வரை அக்காதான் பார்த்துக்கொண்டார். வலிக்கு மார்பில் ஒட்டுகிற பிளாஸ்திரியை அங்கேதான் பழகினார். மார்ஃபின் குடும்பத்து மருந்து, ஆனால் அதைவிடப் பலம். ஒன்று ஒட்டினால் தோல் வழியாக மெல்ல மெல்ல இறங்கி மூன்று நாள் வலியைப் பிடித்து வைத்திருக்கும்.

இலாரியேவுக்கு நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்கு வந்துவிட்டது என்று லசார் போனில் சொன்ன வாரமே அக்கா நீலப் பெட்டியோடு மினிபஸ்ஸில் வந்து இறங்கினார். ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். டவுனிலிருந்து மிரெல்லா என்ற நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்ப்பாள் என்று ஏற்பாடு.

மிரெல்லா நல்ல பெண். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். பழையதை எடுத்ததும் ஒட்டுப் பக்கம் உள்ளே போக மடித்து, யார் கைக்கும் கிடைக்காமல் போட வேண்டும். நடுவில் வலி வந்தால் மார்ஃபின் மாத்திரை. மலச்சிக்கலுக்குத் தனி மருந்து, அதை மறக்கவே கூடாது.

"இன்னொண்ணு. வெந்நீர்ப் பை, கரண்ட் போர்வை, ரெண்டும் கிட்ட வரக் கூடாது."

"கரண்டே பாதி நாள் வர்றதில்ல, சிஸ்டர்," என்றான் லசார். "கரண்ட் போர்வைக்கு எங்க போறது?"

எல்லோரும் சிரித்தோம். இலாரியேவும் சிரித்தான். பூப்போட்ட தலையணைகள் அடுக்கிய நல்ல அறைக் கட்டிலில் சாய்ந்திருந்தான். வெளியாள் வந்தால் நோயாளியை அந்த அறையில்தானே படுக்கவைப்போம்? சமையலறையில் கரியும் புகையுமாக ஒருத்தரை எப்படிக் காட்டுவது? மிரெல்லா வரும் நாளெல்லாம் அவனைத் துடைத்து, சட்டை மாற்றி, அந்தக் கட்டிலுக்குக் கொண்டுபோவார்கள். அவள் கார் தெருமுனை தாண்டியதும் தூக்கிவந்து அடுப்பு மேடையில் போடுவார்கள்.

பிளாஸ்திரி ஒட்டிய முதல் நாள் அவன் தூங்கினான். சூப்பை வாயில் வைத்தால் அப்படியே வழிந்தது. "தூங்கட்டும், எத்தனை நாள் தூக்கம் பாக்கி," என்று அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் கம்பளியைக் கடித்துக்கொண்டு முனகினான். உடம்பெல்லாம் வேர்வை. மாத்திரைகள் போதவில்லை.

அக்கா மிரெல்லாவுக்குப் போன் செய்தார்.

"ஓரம் தூக்கிக்குதா, அம்மா? சரியா ஒட்டலன்னா மருந்து போகாது."

"மெழுகு மாதிரி ஒட்டறேன், பொண்ணே. முதல் நாள் ஆளே எழுந்திரிக்கறதில்ல. மூணாம் நாள் ஒண்ணுமே இல்லாத மாதிரி."

டாக்டரிடம் கேட்டு அதைவிடப் பலமானதைத் தந்தார்கள். அதுவும் அப்படியே. முதல் நாள் மரக்கட்டை, மூன்றாம் நாள் அலறல். அலறல் எங்கள் வீட்டு முற்றம்வரை கேட்கும். நான் மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டுக் காதைப் பொத்திக்கொள்வேன்.

லசார் கெட்ட பிள்ளை இல்லை. மரமில்லில் வேலை. அப்பா கத்துவதைக் கேட்டுக்கொண்டு அவனால் சும்மா இருக்க முடியவில்லை. யாரையாவது கைகாட்டினால்தான் நிற்க முடியும் என்கிற நிலைமை. மில்லில் யாரோ சொன்னார்களாம், டவுனில் பையன்கள் இந்தப் பிளாஸ்திரியைத் திருட்டுத்தனமாக வாங்கிப் போதைக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்று. அக்கா பழையதை மடித்துக் கக்கூஸ் குழியில் போடுவதை அவன் பார்த்திருந்தான். அந்த இத்தாலிக் கிழவியின் மகளுக்கு மினிபஸ் டிரைவரிடம் அக்கா ஒரு பார்சல் கொடுத்து விட்டதையும் பார்த்திருந்தான். மூன்றையும் அவன் மனசு சேர்த்து, அக்கா மருந்தைத் திருடி விற்கிறார் என்று முடிச்சுப் போட்டுக்கொண்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நோன்பில் ஒருநாள், பீன்ஸ் சூப் கொண்டுபோனேன். இலாரியே மேடையில் சுருண்டு கிடந்தான். லசார் நடுவில் நின்றிருந்தான்.

"அத்தை, அந்த நீலப் பெட்டியைத் திறங்க."

"எதுக்குடா?"

"சும்மாதான்."

"சும்மான்னா திறக்க வேண்டாம்."

"எப்பவும் பூட்டியே வெச்சிருக்கீங்க. வந்த நாளா பாக்கறேன். சாவி கழுத்துல தொங்குது."

"என் பெட்டி, என் கழுத்து."

நான் சொன்னேன்: "லசார், இது நோன்புக் காலம்பா. பெரியவங்ககிட்ட இப்படி நிக்காதே."

அவன் என் பக்கம் திரும்பவில்லை. அக்கா மேடையைப் பார்த்தார்.

"இலாரியே, நீ சொல்லு. நான் திறக்கணுமா?"

இலாரியே சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஒண்ணும் இல்லன்னா திறந்து காட்டேன், அக்கா."

அக்கா கழுத்துச் சாவியைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு என்னைக் காட்டி, "சரி. லசாரும் நஸ்தாசியாவும் அந்த ரூமுக்கு வரட்டும். அங்க காட்டறேன்," என்றார்.

"ஏன், நான் பாக்கக் கூடாதா? மருந்து எனக்குத்தானே?" என்றான் இலாரியே.

"நீ பாக்க வேண்டாம்டா."

அந்த ஒரு வார்த்தைதான். லசார் அக்காவின் முகத்தையே பார்த்தான். "தெரிஞ்சுபோச்சு," என்றான்.

அக்கா சாவியை எடுத்தார். பெட்டியை இலாரியே முன்னாலேயே இழுத்துவைத்துப் பூட்டைத் திறந்தார். மூடியைத் தூக்கிவிட்டு ஒதுங்கி நின்றார். லசார் ஒவ்வொன்றாக எடுத்துப் பெஞ்சில் வைத்தான். வெள்ளைச் சட்டை, இன்னும் அட்டை பிரிக்காதது. கறுப்புக் கோட்டு. கறுப்பு ஷூ. புதுச் சாக்ஸ். நுனியில் வலைப்பின்னல் போட்ட துண்டுகள். தலையணை உறை. பிணத்தின் மார்பில் வைக்கிற, நத்தைபோல் சுருட்டிய மெழுகுவத்தி. அதை எடுத்த பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

தம்பிக்கு வேண்டிய கடைசி உடுப்பு அது. வரும்போதே வாங்கிவந்து, அவன் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று பூட்டிக் கழுத்தில் சாவியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

இலாரியே பெஞ்சையே பார்த்தான்.

"சட்டை எங்க வாங்கின?"

"அங்கதான். மிலான்ல."

"கழுத்து இறுக்குமா?"

"இறுக்காது. நீ இளைச்சுட்ட."

நான் சூப் பானையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். லசார் அத்தோடு விட்டிருக்கலாம். வெட்கம் வந்துவிட்டது அவனுக்கு. அதை மறைக்கக் கோபத்தை எடுத்துக்கொண்டான்.

"அப்ப பார்சல்ல போனது என்ன?"

"வால்நட். கம்பளிச் சாக்ஸ்."

"அதை யார் பாத்தா?"

அக்கா தம்பியைப் பார்த்தார். இவன் பேசுவான் என்று நானும் நினைத்தேன். இடுப்பில் வைத்து வளர்த்தவள். இவனுக்காகக் கல்யாணத்தை விட்டவள். அவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "பிளாஸ்திரி லசார்கிட்ட இருக்கட்டும், அக்கா. நீ கொஞ்ச நாள் நஸ்தாசியா வீட்டுல இரு."

அக்கா எல்லாவற்றையும் திரும்ப மடித்தார். சட்டையை முதலில், மடிப்புக் கலையாமல். பெட்டியை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு, பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்டு, என்னோடு தெருவைத் தாண்டி வந்தார்.

என் வீட்டில் அவர் அழவில்லை. ரொட்டிக்கு மாவு பிசைந்தார், கோழிக்குத் தீவனம் வைத்தார். மாலையில் இருவரும் சேர்ந்து ஜெபம் சொல்வோம். "எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல" என்கிற இடம் வந்தால் அவர் குரல் நின்றுவிடும். நான் இருவருக்குமாகச் சொல்லி முடிப்பேன்.

ஒருநாள் நான் சொன்னேன்: "வலியில பேசினது, அக்கா. மனசுல வெச்சுக்காதீங்க."

"வலியில பேசியிருந்தா காத்தோட போயிருக்கும்," என்றார். "அவன் அன்னிக்கு வலியில பேசல, நஸ்தாசியா. வலி இல்லாத நாள்ல படுத்து யோசிச்சதைத்தான் சொன்னான்."

லசார் தன் கையாலேயே ஒட்டினான். மூன்றாம் நாள் அலறல் நிற்கவில்லை. "அத்தை முன்னாடியே நல்லதை எடுத்துட்டுப் பழசை வெச்சுட்டாங்க" என்று மில்லில் சொன்னானாம். ஊரும் நம்பியது. கோவிலில் அக்கா நின்ற வரிசையில் இடம் விட்டு நின்றார்கள். குருவானவர்கூடப் பொதுவாகத் திருட்டைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். அக்கா தலைநிமிர்ந்து கேட்டார்.

ஜனவரியில் திருக்காட்சித் திருநாள் கழிந்ததும் பனி இறுகியது. கிணற்று வாளி கயிறோடு உறைந்தது. ஒரு காலையில் லசார் கோட்டுக்கூடப் போடாமல் ஓடிவந்தான்.

"அத்தை, அப்பா எழுந்திரிக்கல. மூச்சு வருது, ஆனா..."

அக்கா கையில் மாவோடு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். இலாரியே மேடையில் மல்லாந்து கிடந்தான். உதடு நீலம். மூச்சு ஒன்று வந்தால் அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. முந்தின நாள்தான் பிளாஸ்திரி புதிதாக ஒட்டியது. குளிருக்குப் பயந்து லசார் விடிய விடிய விறகு வைத்திருந்தான்.

அக்கா சட்டையைக் கிழித்துப் பிளாஸ்திரியை உரித்துப் போட்டார். "இறக்குடா. உக்காரவை. கன்னத்துல தட்டு. பேரைச் சொல்லிக் கூப்பிடு." அவரே கூப்பிட்டார், சின்ன வயசில் கூப்பிட்ட செல்லப் பேரைச் சொல்லி. நான் போனை எடுத்து மிரெல்லாவிடம் பேசினேன். "மூச்சு விடச் சொல்லிக்கிட்டே இருங்க, தூங்க விடாதீங்க" என்றாள்.

பாதையில் பனி வழிக்கிற டிராக்டரில் ஏறி வந்தாள். நல்ல அறையைக் காட்ட அன்றைக்கு யாருக்கும் நேரம் இல்லை. நேராகச் சமையலறைக்கு வந்தாள். மருந்தை முறிக்கிற ஊசி ஒன்று போட்டாள். கொஞ்ச நேரத்தில் அவன் கண் திறந்து, "குளிருது" என்றான். லசார் அவனைத் திரும்ப மேடைக்குத் தூக்கப் போனான். மிரெல்லா கம்பளிக்கு அடியில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று எடுத்தாள்.

"இவர் எங்க படுத்திருந்தார்?"

"இங்கதான், சிஸ்டர். எப்பவும் இங்கதான்."

"நான் வரும்போதெல்லாம் அந்த ரூம் கட்டில்லதானே இருந்தார்?"

"நீங்க வர்றீங்கன்னு அங்க கொண்டுபோவோம்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "சூடு பட்டா மூணு நாள் மருந்து மொத்தமா ஓடி உடம்புல இறங்கிடும். அதான் முதல் நாள் மயக்கம். அப்புறம் பிளாஸ்திரியில என்ன இருக்கும்? வெந்நீர்ப் பை வேண்டாம்னு சொன்னேனே."

"வைக்கலையே," என்றான் லசார். உண்மையில் அவனுக்குப் புரியவில்லை. அடுப்பு மேடையைச் சூடு என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. அது படுக்கை.

"நான் கேட்டிருக்கணும்," என்றாள் மிரெல்லா. "எங்க தூங்கறார்னு கேட்டிருக்கணும்."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்த இத்தாலி வீட்டில் சூடு சுவரோரக் குழாயில் வருமாம். அதன்மேல் யாரும் படுக்க மாட்டார்கள். அவரும் இதை நினைக்கவில்லை.

இலாரியேவுக்கு எல்லாம் காதில் விழுந்தது. தான் கட்டிய அடுப்பு. அதன்மேல் அவனுக்கு ஒருநாளும் சந்தேகம் வரவில்லை. அக்காவின்மேல் வந்தது. அன்றிலிருந்து அதை நினைக்காமல் நான் அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டார்கள். அளவு குறைந்த பிளாஸ்திரியைத் திரும்பத் தந்தார்கள். மூன்றாம் நாள் இலாரியே தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து களியும் பாலாடைக்கட்டியும் கேட்டான். லசார் என் வீட்டு வாசலில் வந்து தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு நின்றான்.

"அத்தை, அப்பா உங்களைக் கூப்பிடறார்."

"வர்றேன். ஆனா ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் நஸ்தாசியா நிக்கணும். நீயும் நிக்கணும்."

"எதுக்கு அத்தை? எங்களுக்குத்தான் தெரிஞ்சுபோச்சே."

"எனக்கும் தெரிஞ்சுபோச்சே, லசார்."

அப்படியே நடந்தது. பழையதை உரித்து உள்ளங்கையில் வைத்து லசாரிடம் காட்டுவார். "பாத்தியா?" என்னிடம் காட்டுவார். "பாத்தியா?" பிறகுதான் மடிப்பார். இலாரியே ஒருநாள், "போதும் அக்கா, என்னைக் கொல்லாத," என்றான். அக்கா புதியதை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார், அது பிடிக்கும்வரை. அவனைப் பார்த்துக்கொண்டதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அந்த வீட்டு மேசையில் சாப்பிட மாட்டார். என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

மன்னிப்பு ஞாயிறு வந்தது. நோன்புக்குள் நுழையும் முன்னால் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிற நாள். வலி இல்லாத முகத்தோடு இலாரியே கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்தான்.

"அக்கா, என்னை மன்னிச்சுடு."

"ஆண்டவர் மன்னிப்பார்," என்றார் அக்கா.

அதுதான் சொல்ல வேண்டிய பதில். எல்லோரும் அதைத்தான் சொல்வோம். சொல்லிவிட்டு, "என்னையும் மன்னிச்சுடு" என்று கன்னத்தில் முத்தம் கொடுப்போம். அக்கா அவன் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

நோன்பின் நடுவில் அவன் அமைதியாகப் போனான். கையில் மெழுகுவத்தியைப் பிடித்துக் கொடுத்தது அக்காதான். மிலான் சட்டை கழுத்தை இறுக்கவில்லை. நாற்பதாம் நாள் ரொட்டி மந்திரித்துப் பங்கிட்டு முடித்த மறுநாளே, அக்கா மினிபஸ்ஸுக்குக் கிளம்பினார். லசார் பெட்டியைத் தூக்க வந்தான். "வேண்டாம்பா" என்று அவரே தூக்கிக்கொண்டார்.

சாலையோரச் சிலுவையடியில் நின்றோம். வழிக்கென்று நான் சுட்ட ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். நன்றாகப் பொங்கிய ரொட்டி. டிரைவர் ஹாரன் அடித்தார். நீலப் பெட்டியைக் காட்டி, "ரொட்டியை எப்படி உள்ள வைக்க? சாவி கொடுங்க, அக்கா," என்றேன்.

அவர் என் நெற்றியில் முத்தமிட்டார்.

"நீயே திறந்து வை, நஸ்தாசியா. பூட்டல. யாரா இருந்தாலும் கேக்கறதுக்கு முன்னாடியே பாத்துக்கட்டும்னு இப்பல்லாம் நான் எதையும் பூட்டறதில்ல."